துருவக் கரடியும் பாடசாலைக் கிணறும்

சில மாதங்களுக்கு முன்னர் வலிகாமத்திலுள்ள பாடசாலை ஒன்றில் நடைபெற்ற பேச்சுப்போட்டிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். பாடசாலையின் பெயரை இங்கு குறிப்பிட வேண்டிய அவசியம் இல்லை. எந்தப் பாடசாலைக்குச் சென்றிருந்தாலும் இதுவே நிகழ்ந்திருக்கும் என்பதே எனது கவலை.

போட்டிக்குக் கொடுக்கப்பட்டிருந்த தலைப்பு காலநிலை மாற்றம். பதினொரு பிள்ளைகள் பேசினார்கள். குரல் வளம், சொல் வளம், ஏற்ற இறக்கம் எதற்கும் குறைவில்லை. பதினொருவரில் ஒன்பது பேர் துருவப் பனி உருகுவதைப் பற்றிப் பேசினர். ஏழு பேர் பனிக்கட்டி மீது தனித்து நிற்கும் துருவக் கரடியைக் காட்டி எம்மைக் கலங்க வைக்க முயன்றனர். மாலைதீவு மூழ்கப் போவதை மூவர் எடுத்துரைத்தனர். பிள்ளைகள் கூறியவற்றில் பெரும் பிழை என்று எதனையும் சொல்வதற்கில்லை. ஆனால் பதினொரு பேச்சிலும் யாழ்ப்பாணம் என்ற சொல் ஒரு தடவையேனும் வரவில்லை. கிணறு என்ற சொல்லும் வரவில்லை.

புள்ளிகளைக் கூட்டிக் கொண்டிருந்த இடைவேளையில், முன்வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் பாடசாலைக் கிணற்றில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. "சித்திரை மாதத்தில் எவ்வளவு நிற்கும்? மார்கழியில் எவ்வளவு நிற்கும்?" அதற்கும் பதில் இல்லை. கடைசியில் ஒரு மாணவி எழுந்து, "கிணத்துக்கு மேல வலை போட்டு மூடியிருக்கு சேர். கிட்டப் போகக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம்" என்றாள். முதற் பரிசைப் பெற்றவளும் அந்த மாணவியே.

பரிசளிப்பு முடிந்து தேநீர் அருந்தும்போது இதனை ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். நல்லவர், கடமையுணர்வு உள்ளவர். சிரித்துக்கொண்டே, "அது சோதினைக்கு வராது தானே ஐயா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

குடாநாட்டின் தண்ணீர் கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் கிடையாது. ஆறு என்று பெயர் சூட்டப்பட்ட வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலேரியைச் சென்றடைகிறது. எமக்கு வாய்த்தது வடகீழ்ப் பருவமழை ஒன்றுதான். வருடத்தில் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதன் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி ஒன்பது மாதங்களுக்கும் அந்த மழையின் சேமிப்பை வைத்தே நாம் வாழ வேண்டும்.

அந்தச் சேமிப்பு எங்கே கிடக்கிறது? எமது காலுக்குக் கீழே, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் கிடக்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு நிலத்தடி நீர்ப்படுக்கைகள் உண்டு. இவற்றில் தேங்கிய நன்னீர், கீழே உள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து கொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரிலும் சற்றுக் கனமானது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஒல்லாந்தரான கைபன், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்ற இருவரும் நூறு வருடங்களுக்கும் முன்னர் தத்தம் நாட்டுக் கடற்கரைகளில் கண்டறிந்த விதி இது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தைத்தான் எமது பிள்ளைகள் அறிய வேண்டும். மேலே நாம் ஓரடியை இறைத்துத் தீர்த்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் நாற்பது அடி வரை மேலெழ இடமுண்டு. கண்ணுக்குத் தெரியும் நட்டம் ஓரடி. தெரியாத நட்டம் நாற்பது அடி. யாழ்ப்பாணத்து விஞ்ஞான பாடத்தில் முதலாவது அத்தியாயமாக இருக்க வேண்டியது இதுவல்லவா? அடர்த்தி என்ற பாடத்தைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். முகவையில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிப் பார்க்கிறார்கள். அதே அடர்த்தி விதிதான் தங்கள் வீட்டுக் கிணற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதை மட்டும் எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எனது ஆச்சி பள்ளிக்கூடம் போகாதவர். வைகாசி, ஆனி மாதங்களில் கிணற்றில் அள்ளிய முதல் வாளித் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துப் பார்ப்பார். நாக்கில் சவர் தட்டினால், "இண்டைக்குத் தோட்டத்துக்கு இறைக்க வேண்டாம், கிணறு ஊறட்டும்" என்று சொல்லிவிடுவார். துலாவால் இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் அந்தக் காவல் போய்விட்டது. இயந்திரத்துக்குக் களைப்பும் இல்லை, நாக்கும் இல்லை. ஆச்சியின் நாக்கு செய்த வேலையை இன்று நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி ஒன்று செய்யும். ஆனால் அந்தக் கருவியை எத்தனை பாடசாலைகளில் மாணவர் கையில் கொடுத்திருக்கிறார்கள்?

மழை குறையவில்லையே என்பவர்களுக்கு

"காலநிலை மாற்றம் என்கிறீர்கள், ஆனால் வருடா வருடம் வெள்ளம் வருகிறதே, மழைக்கு என்ன குறைச்சல்?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். படித்தவர்களும் அதில் அடக்கம். இந்தக் கேள்வி எழுவதே எமது கல்வியின் தோல்விக்குச் சான்று.

வளி ஒரு பாகை செல்சியஸால் வெப்பமடையும்போது அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதத்தால் கூடுகிறது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் மழைகள் வலுக்கின்றன. ஒரு மாதத்தில் பரவலாகப் பெய்ய வேண்டிய மழை மூன்று நாட்களில் கொட்டினால், மழைமானியில் கூட்டுத்தொகை ஒன்றாகவே இருக்கும். ஆனால் நிலம் குடிக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. மிஞ்சியது வீதியையும் வீட்டையும் மூழ்கடித்துவிட்டுக் கடலில் சேர்கிறது. மார்கழியில் வெள்ள நிவாரணமும் ஆவணியில் தண்ணீர் பவுசரும் ஒரே கிராமத்துக்கு, ஒரே வருடத்தில் தேவைப்படுவதன் இரகசியம் இதுதான்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு மூழ்கியது. 2016 இலும் 2017 இலும் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் கடும் வரட்சியில் காய்ந்தன. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தத்தளித்தன. 2020 டிசம்பரில் புரேவி. 2024 நவம்பரில் மீண்டும் பெருவெள்ளம். அந்த வெள்ளம் வடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. 2025 நவம்பரில் டித்வா. இவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. 1964 இலும் 1978 இலும் கூடப் பெரும் புயல்கள் எம்மைத் தாக்கியிருக்கின்றன. எனினும் இந்த ஏற்ற இறக்கத்தின் போக்கை வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை எமக்கு வேண்டாமா?

இதனுடன் கடலும் சேர்ந்து கொள்கிறது. 1901 முதல் 2018 வரையான காலத்தில் உலகின் சராசரிக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதாக ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு கணித்துள்ளது. மாலைதீவுக்கு என்ன நேரும் என்று கண்ணீர் வடிக்கும் எமது பிள்ளைகளுக்கு, ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் காரைநகரும் நெடுந்தீவும் எத்தனை அடி உயரத்தில் நிற்கின்றன என்பது தெரியாது. கடல் ஒரு நிலத்தை மூழ்கடிப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே அதன் கிணறுகளை உப்பாக்கிவிடும் என்பதும் தெரியாது. தீவகத்தில் நல்ல தண்ணீருக்காகக் குடத்துடன் வரிசையில் நிற்கும் தாய்மாரின் பிள்ளைகளே துருவக் கரடிக்காகக் கண்ணீர் விடும்படி பயிற்றப்படுகிறார்கள்.

பழி அனைத்தையும் வானத்தின் மேலும் கடலின் மேலும் போடவும் நான் தயாரில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் இருந்தன. எத்தனையோ குளங்களில் குப்பை கொட்டினோம், எத்தனையோ குளங்களை நிரவிக் கட்டடம் எழுப்பினோம். காங்கேசன்துறையில் சீமெந்துக்காக நாற்பது வருடம் சுண்ணக்கல் அகழ்ந்தோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவுக்கதிகமாக உரம் இட்டோம். மலசலகூடக் குழிகளைக் கிணற்றுக்கு அருகிலேயே தோண்டினோம். விளைவாகக் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியது. 1980களிலேயே யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் இதனை எழுதிவிட்டார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். அந்த ஆய்வுகளில் எதனையேனும் நாற்பது வருடங்களாக எந்தப் பாடப்புத்தகமாவது இப்பிரதேசத்துப் பிள்ளைகளின் கையில் கொண்டு சேர்த்ததா?

பாடமாக்கப் பயப்படும் விடயங்கள்

தண்ணீரைப் பற்றிக் கற்பிக்காமல் விடுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. அச்சமும் ஒரு காரணம். தண்ணீர் அரசியல்.

இரணைமடுவை எடுத்துக் கொள்வோம். 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். காலபோகத்துக்கே தண்ணீர் தட்டுப்படும் வருடங்களில் நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. குழந்தைக்குக் கொடுக்க நல்ல தண்ணீர் இல்லை என்று யாழ்ப்பாணத்தில் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். இரண்டு நியாயங்களுக்கும் இடையில் எண்களை வைத்துப் பேசியவர்கள் சொற்பம். உணர்ச்சியை வைத்துப் பேசியவர்களே அநேகம். கடைசியில் திட்டம் மாற்றப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்ட் மாதம் திறந்து வைக்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும், எஞ்சும் செறிந்த உப்புநீர் எங்கே போகிறது, மீனவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பனவெல்லாம் ஓர் உயர்தர வகுப்பில் ஒரு மாதம் விவாதிக்கத்தக்க விடயங்கள். எந்த வகுப்பில் விவாதித்தார்கள்?

சுன்னாகம் இன்னொன்று. அனல் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்ததைக் கண்டு மக்கள் வீதிக்கு வந்தார்கள். நிபுணர்களின் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நின்றன. ஒரு பக்கம் குடிக்கலாம் என்றார்கள், மறுபக்கம் குடிக்கவே கூடாது என்றார்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உத்தரவிட்டது. அந்த நாட்களில் செய்தி சேகரிக்கச் சென்ற வீடொன்றில், ஒரு தாய் பரிசோதனை அறிக்கைத் தாளை என்னிடம் நீட்டி, "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு? பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?" என்று கேட்டார். அவர் க.பொ.த. உயர்தரம் வரை படித்தவர். நான் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றவன், அதிலும் புவியியலை ஒரு பாடமாகக் கற்றவன். அந்தத் தாளில் இருந்த ஒரு வரியையேனும் எங்கள் இருவராலும் விளங்கிக் கொள்ள முடியவில்லை. அன்று ஏற்பட்ட வெட்கம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

தன் கிணற்றைப் பற்றிய அறிக்கையை வாசிக்கத் தெரியாத சமூகத்துக்கு எவரும் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். அதிகாரியும் சொல்லலாம், அரசியல்வாதியும் சொல்லலாம், எம்மைப் போன்ற பத்திரிகையாளரும் சொல்லலாம்.

உயிரோடு விளையாடும் அறியாமை

இது வெறும் அறிவு விடயம் என்று எண்ணுவோருக்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறேன்.

2024 நவம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தின் காரைதீவுப் பகுதியில், வெள்ளம் குறுக்கறுத்து ஓடிய வீதியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிக் கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். பலர் பிணமாகவே மீட்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மீது எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் பெரியவர்களாகிய எம்முடையது. முழங்காலளவு தண்ணீர் வேகமாக ஓடினால் வளர்ந்த மனிதனையே விழுத்திவிடும், இரண்டு அடி நீரோட்டம் வாகனத்தையே புரட்டிவிடும் என்பது இந்த நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு ஆசிரியரும், ஒவ்வொரு சாரதியும் பெருக்கல் வாய்பாட்டைப் போல அறிந்திருக்க வேண்டிய உண்மை. அதனை நாம் எந்த வகுப்பில் கற்பித்தோம்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையகத்தில் மண்சரிவு குடியிருப்புகளோடு மனிதரையும் மூடியது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. மொழி உரிமை மீறப்படுவது உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை. அரசை அதற்காகக் கேள்வி கேட்க வேண்டும், ஓயாது கேட்க வேண்டும். அதேவேளை, நிலத்தில் புதிதாக வெடிப்பு விழுந்தால், மரங்கள் சாய்ந்தால், ஊற்று திடீரெனக் கலங்கினால் அல்லது வற்றினால் உடனே வெளியேற வேண்டும் என்பதை ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளை தன் தாய்மொழியில் தரம் 6 இலேயே படித்திருந்தால், கொழும்பிலிருந்து குறுஞ்செய்தி வரும் வரை அது காத்திருக்க வேண்டியிருந்திராது.

சொல்லப்படும் சாட்டுகள்

முதலாவது சாட்டு, பாடத்திட்டம் கொழும்பில் தயாரிக்கப்படுகிறது என்பது. உண்மை. தேசிய கல்வி நிறுவகம் முழு நாட்டுக்கும் ஒரே பாடத்திட்டத்தைத் தயாரிக்கிறது. மழைக்காடும் வரள் வலயமும் ஒரே பக்கத்தில் வந்து போகின்றன. சாதாரண தரத்தில் புவியியல் ஒரு விருப்பப் பாடம் மட்டுமே. பதினான்கு வயதுடன் அதற்கு விடை கொடுத்துவிடும் பிள்ளைகள் பலர். ஆனால் 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் கீழ் கல்வியில் மாகாணத்துக்கும் பங்கு உண்டு. வடக்கு மாகாண சபை 2013 முதல் 2018 வரை ஐந்து வருடங்கள் இயங்கியது. அந்த ஐந்து வருடங்களில் நிறைவேற்றிய தீர்மானங்களைக் குறை கூற நான் வரவில்லை. வலிகாமத்துப் பிள்ளைக்கு வலிகாமத்துத் தண்ணீரைப் பற்றி நாற்பது பக்கத்தில் ஒரு துணைநூல் எழுதிக் கொடுக்க எந்த அதிகாரப் பரவலாக்கம் தேவைப்பட்டது?

இரண்டாவது சாட்டு, நேரமில்லை என்பது. காலையில் பாடசாலை, மாலையில் தனியார் கல்வி நிலையம், இரவில் கடந்தகால வினாத்தாள். உண்மையே. திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒப்புவிப்பதற்கு நேரம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் வளவில் பெய்யும் மழை எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்க்க மட்டும் நேரம் இல்லை. 500 சதுரமீற்றர் கூரையுள்ள ஒரு பாடசாலைக் கட்டடத்தின் மேல் வருடத்துக்கு 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால் 625,000 லீற்றர் தண்ணீர் கிடைக்கிறது. தரம் 8 கணிதம் இதற்குப் போதும். அந்தத் தண்ணீர் இன்று பீலி வழியாக வீதிக்குப் போகிறது. அதனைக் கிணற்றடியில் நிலத்துக்குள் இறக்கினால் என்னாகும் என்பது அடுத்த பாடம்.

மூன்றாவது சாட்டு, நாம் செய்த குற்றமா இது என்பது. உலகை வெப்பமாக்கியதில் எமது பங்கு மிகச் சொற்பம். மறுக்கவில்லை. பணக்கார நாடுகள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கடன்காரன் வேறொருவனாக இருந்தாலும், வீட்டுக் கதவைத் தட்டுவது எமது வாசலில் அல்லவா?

நான்காவது சாட்டு, முதலில் அரசியல் தீர்வு, பிறகு மற்றவை என்பது. இதனைச் சொல்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, ஏனெனில் நானும் பல வருடங்கள் அப்படித்தான் எண்ணினேன். மண்ணுக்காக இவ்வளவு இழந்த ஒரு சமூகம், அந்த மண்ணுக்குக் கீழே உள்ள தண்ணீர் உப்பாவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? உவர்நீர் ஏறிய நிலத்தில் எந்தத் தீர்வை நட்டு வளர்ப்பது?

என்ன செய்யலாம்

பெரிய நிதியும் பெரிய ஆணைக்குழுவும் தேவையில்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கிணறு உண்டு. வலையை நீக்கச் சொல்லவில்லை. வலையின் ஒரு மூலையில் சிறிய திறப்பு வைத்து, ஆசிரியரின் மேற்பார்வையில் முடிச்சிட்ட கயிற்றில் ஒரு பாரத்தைக் கட்டி, மாதம் இரு தடவை நீர்மட்டத்தை அளக்கலாம். மின்கடத்துதிறனை அளக்கும் கருவி ஒன்று, மழைமானி ஒன்று, பெரிய கொப்பி ஒன்று. அளந்த பிள்ளை தன் பெயரை எழுதிக் கையொப்பமிடட்டும். தரம் 6 இல் தொடங்கும் பிள்ளை உயர்தரம் முடித்து வெளியேறும்போது எட்டு வருடப் பதிவு அந்தக் கொப்பியில் இருக்கும். குடாநாட்டில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கிணறுகள் உள்ளன என்பார்கள். நூறு பாடசாலைக் கிணறுகளின் பதிவு ஒன்று சேர்ந்தால், எந்த நிபுணர் குழுவும் புறக்கணிக்க முடியாத ஓர் ஆவணம் எம் கையில் இருக்கும். இன்னொரு சுன்னாகம் நேர்ந்தால், "முன்னர் எப்படி இருந்தது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பிள்ளைகளின் கொப்பி இருக்கும்.

வகுப்பறைக்கு வெளியே கூட்டிச் செல்லவும் இடங்கள் பல உண்டு. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணறு இருக்கிறது. அதன் அடியைக் கண்டவர் இல்லை என்ற கதையோடு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல், மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பது ஏன் என்று கேட்க வைக்கலாம். தொண்டைமானாற்றின் தடுப்பணைக் கதவுகளைக் காட்டலாம். கடல்நீரைத் தடுத்துக் கடலேரியை நன்னீராக்கும் நோக்கத்தோடு 1950களின் முற்பகுதியில் அமைத்தது அது. 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் வரைபடத்தை வைத்து, அது ஏன் முழுமை பெறவில்லை, இன்று சாத்தியமா, யாருக்கு நன்மை, யாருக்குப் பாதிப்பு என்று விவாதம் நடத்தலாம். விவாதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. கிளிநொச்சிப் பிள்ளையும் யாழ்ப்பாணப் பிள்ளையும் ஒரு மேசையில் இருந்து இரணைமடுவின் எண்களை வாசிக்கப் பழகினால், நாளை அவர்களின் பெற்றோரை மோதவிட எவராலும் முடியாது.

புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாசத்தை நான் அறிவேன். பாடசாலைக்கு வளைவு கட்டித் தருகிறீர்கள், முற்றம் முழுவதும் இன்ரர்லொக் கல் பதித்துத் தருகிறீர்கள். அந்தக் கல் மழையை நிலத்துக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் நீங்கள் கட்டிய வீட்டு வளவுக்கும் இது பொருந்தும். அடுத்த தடவை அதிபர் பட்டியல் நீட்டும்போது, மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ஒரு குழியும், நீரை அளக்கும் ஒரு கருவியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெயர்ப்பலகை வைக்க வேண்டுமாயின் கிணற்றுக்கட்டில் வையுங்கள்.

கடைசியாக என் பங்குக் குற்றத்தையும் ஒப்புக் கொள்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒவ்வொரு மார்கழியிலும் "அடைமழையால் மக்கள் பாதிப்பு" என்று தலைப்பிட்டேன். ஒவ்வொரு ஆவணியிலும் "வரட்சியால் மக்கள் அவதி" என்று தலைப்பிட்டேன். குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும், செய்தி தயார். மார்கழிச் செய்திக்கும் ஆவணிச் செய்திக்கும் இடையில் உள்ள தொடர்பை ஒரு தடவையேனும் ஒரே கட்டுரையில் எழுத எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆசிரியர் சோதினைக்கு வராது என்று சொன்னதற்கும், நான் அப்படி எழுதிக் கொண்டிருந்ததற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பேச்சுப்போட்டி நடந்த பாடசாலையின் அதிபருக்குக் கடந்த வாரம் ஒரு கடிதம் எழுதினேன். முப்பது அடிக் கயிறு, ஓர் ஈயக் குண்டு, ஒரு கொப்பி ஆகியவற்றை எனது செலவில் தருவதாகவும், முதல் அளவையை அந்த மாணவியின் கையால் எடுப்பிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் அக்கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதை இங்கே எழுதுவேன்.